'பேனிஷ்' என்ற ஆங்கிலச் சொல்லின் வரலாறும், அதற்குத் தமிழில் 'நாடு கடத்து' மட்டும் போதுமா என்ற கேள்வியும்

கேள்வி: மொழிபெயர்ப்பு மேசை

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் இடைக்கால வரலாற்றைப் பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் 1398 ஆம் ஆண்டு இரண்டாம் ரிச்சர்ட் மன்னன் கோவென்ட்ரி நகரில் வழங்கிய தீர்ப்பு ஒன்று விரிவாக வருகிறது. ஹென்றி பாலிங்புரோக்கும் தாமஸ் மௌபிரேயும் ஒருவர் மீது ஒருவர் துரோகக் குற்றம் சாட்டி, குதிரையேறி ஈட்டியோடு மோதத் தயாராக நின்ற கடைசிக் கணத்தில், மன்னன் சண்டையை நிறுத்தி, முன்னவனைப் பத்தாண்டுகளுக்கும் பின்னவனை ஆயுள் முழுமைக்கும் நாட்டை விட்டு அகற்றினான். கட்டுரையாளர் அங்கே 'பேனிஷ்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார். சில பக்கங்களுக்கு முன்னால், முதலாம் எட்வர்ட் 1290 ஆம் ஆண்டு யூதர்கள் அனைவரையும் வெளியேற்றியதைச் சொல்லும் இடத்தில் 'எக்ஸ்பெல்' என்று எழுதியிருக்கிறார். பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளை அனுப்பியதைச் சொல்லும்போது 'டிரான்ஸ்போர்ட்' வருகிறது. இடையிடையே 'எக்ஸைல்' வருகிறது.

நான் இவை அனைத்திற்கும் 'நாடு கடத்து' என்றே எழுதிக்கொண்டு போனேன். திரும்பப் படித்துப் பார்த்தபோது, நான்கு நிறத் துணிகளை ஒரே சாயத்தொட்டியில் முக்கி எடுத்தது போல இருந்தது. அகராதியைப் புரட்டினால் இன்னொரு குழப்பம் சேர்ந்துகொண்டது. 'பேனிஷ்' என்ற சொல்லும், தேவாலயத்தில் திருமணத்துக்கு முன் அறிவிப்பு வாசிப்பதைக் குறிக்கும் 'பேன்ஸ்' என்ற சொல்லும், கொள்ளையனைக் குறிக்கும் 'பேண்டிட்' என்ற சொல்லும், கடத்தல் சரக்கைக் குறிக்கும் 'கான்ட்ராபேண்ட்' என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று அதில் கண்டிருந்தது. துரத்தப்பட்டவனுக்கும் மணமகனுக்கும் என்ன உறவு என்று எனக்கு விளங்கவில்லை. சொல்லின் வரலாறு தெரிந்தால் சரியான தமிழ்ச் சொல்லும் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன்.

மறுமொழி 1: சொல்வழி

நல்ல கேள்வி. சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

'பேனிஷ்' என்ற சொல்லின் அடியில் துரத்துவது என்ற பொருளே கிடையாது. அதன் அடியில் இருப்பது 'உரக்கச் சொல்வது'. பழைய ஜெர்மானிய மொழிகளில் 'பன்னன்' என்றொரு வினைச்சொல் இருந்தது. பலரறியச் சொல்லுதல், ஆணையிடுதல், அழைத்தல் ஆகியவை அதன் பொருள். பழைய ஆங்கிலத்திலும் அதே வடிவத்தில் அது வழங்கியது. ஒரு தலைவன் தன் ஆட்களைப் போருக்கு வரும்படி கூப்பிடுவதற்கு அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள். பிராங்க் இனத்தவர் இன்றைய பிரான்ஸ் நிலப்பகுதியை ஆண்ட காலத்தில், அவர்களுடைய மொழியிலிருந்த இதன் உறவுச் சொல் பிரெஞ்சுக்குள் நுழைந்து 'பானிர்' என்றாயிற்று. அறிவித்தல், ஆணையால் தடுத்தல், இன்னான் இனி இந்த நாட்டுக்கு ஆகாதவன் என்று பறைசாற்றுதல் ஆகிய மூன்று பொருளும் அதற்கு இருந்தன. நார்மன் பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சிக்குப் பின் ஆங்கிலத்துக்குள் வந்து குவிந்த சட்டச் சொற்களின் வழியில் இதுவும் வந்தது. பதினான்காம் நூற்றாண்டு முடிவதற்குள் 'பேனிஷ்' என்ற வடிவம் ஆங்கில எழுத்தில் நிலைபெற்றுவிட்டது. அதாவது நீங்கள் மொழிபெயர்க்கும் கோவென்ட்ரி நிகழ்ச்சி நடந்த காலத்தில் அது ஆங்கிலத்தில் ஏறக்குறைய புதுச் சொல்.

சொல்லின் கடைசியிலிருக்கும் 'இஷ்' என்ற ஒலியும் அந்த வழியைக் காட்டிக்கொடுக்கிறது. 'ஃபினிஷ்', 'பனிஷ்', 'பெரிஷ்', 'அபாலிஷ்' என்று வரும் ஆங்கில வினைகளை நினைத்துப் பாருங்கள். பிரெஞ்சில் 'இர்' என்று முடியும் வினைகள் சில இடங்களில் 'இஸ்' என்று நீளும். அந்த நீட்சியோடு ஆங்கிலம் அவற்றை எடுத்துக்கொண்டதன் தடயம் இது.

இப்போது உங்கள் உறவுமுறைக் குழப்பத்துக்கு வருவோம். இடைக்கால ஐரோப்பாவில் 'பேன்' என்பது தலைவனின் அறிவிப்பு மட்டுமன்று. அந்த அறிவிப்பு செல்லுபடியாகும் அதிகாரமும் அதுதான், அது செல்லுபடியாகும் எல்லையும் அதுதான். ஒரு பிரபுவின் 'பேன்' எதுவரை எட்டுமோ அதுவரை அவன் சொல் சட்டம். பாரிஸ் போன்ற நகரங்களின் புறநகரை இன்றும் பிரெஞ்சில் 'பான்லியூ' என்பார்கள். நகரத்தின் ஆணை எட்டும் சுற்றுவட்டம் என்பதுதான் அதன் பழைய பொருள். பிரபு தன் ஆணையால் ஒரு மாவு அரைக்கும் ஆலையையோ ரொட்டி சுடும் அடுப்பையோ நிறுவினால், அவன் எல்லைக்குள் வாழும் குடியானவர்கள் அனைவரும் அங்கேதான் போய் அரைக்க வேண்டும், அங்கேதான் சுட வேண்டும், அதற்குக் கட்டணமும் செலுத்த வேண்டும். பிரெஞ்சுப் புரட்சிதான் இந்தக் கட்டாயத்துக்கு முடிவு கட்டியது. அந்த ஆலையையும் அடுப்பையும் குறித்த 'பனால்' என்ற சொல், எல்லோருக்கும் பொதுவானது என்ற பொருளுக்கு நகர்ந்து, அங்கிருந்து சாரமற்ற, சலித்துப்போன ஒன்று என்ற இன்றைய பொருளுக்கு இறங்கிவிட்டது.

அறிவிப்புக்கு எதிராகக் கொண்டுவரப்படும் சரக்குதான் 'கான்ட்ராபேண்ட்'. அறிவிப்பால் சட்டத்தின் காவலை இழந்தவன் இத்தாலிய மொழியில் 'பண்டீத்தோ' ஆனான். காட்டிலும் மலையிலும் ஒளிந்து வழிப்பறி செய்வதைத் தவிர அவனுக்குப் பிழைக்க வேறு வழி இல்லாமல் போனதால், அந்தச் சொல் கொள்ளையனுக்கே பெயராயிற்று. 'அபேண்டன்' என்ற சொல்கூட இந்தக் குடும்பம்தான். பிறனுடைய ஆணையின் கீழ் ஒன்றை விட்டுவிடுதல், அதாவது நம் பிடியைத் தளர்த்துதல் என்பதே அதன் தொடக்கப் பொருள்.

இந்தச் சொல்லில் என்னை மிகவும் ஈர்க்கும் செய்தி ஒன்று உண்டு. பிரெஞ்சு மன்னர்கள் தங்கள் கீழ்ப்பட்ட பிரபுக்களைப் படையோடு வந்து சேரும்படி விடுத்த அழைப்புக்கும் 'பான்' என்றுதான் பெயர். வா என்று கூப்பிட்டதும் அதே சொல், போ என்று அனுப்பியதும் அதே சொல். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது அரசனின் வாய். ஆகவே 'பேனிஷ்' என்ற வினையில் செயல்படும் உறுப்பு வாய்தான். கோவென்ட்ரியில் நடந்ததும் அதுதான். யாரும் யாரையும் பிடித்துத் தள்ளவில்லை. மன்னன் இருந்த இடத்திலேயே இருந்தான். தீர்ப்பு உரக்க வாசிக்கப்பட்டது. ஈட்டியோடு நின்ற இருவரும் தாங்களாகவே கப்பலேறிப் போனார்கள்.

'எக்ஸ்பெல்' அப்படிப்பட்டதன்று. அதன் லத்தீன் வேரான 'பெல்லெரே' என்பதற்கு மோதித் தள்ளுதல் என்று பொருள். 'ரிப்பெல்', 'டிஸ்பெல்', 'கம்பெல்', 'ப்ரொப்பெல்' எல்லாம் அந்த வேர்தான். நாடித்துடிப்பைக் குறிக்கும் 'பல்ஸ்' கூட அதுதான். அங்கே செயல்படும் உறுப்பு கை. 1290 நிகழ்ச்சிக்கு ஒரு முழுச் சமூகத்தையே வெளியே தள்ளியது என்ற பொருளில் உங்கள் கட்டுரையாளர் அந்தச் சொல்லைத் தேர்ந்தது பொருத்தமாகவே இருக்கிறது.

மறுமொழி 2: தேரிக்காடு

சொல்வழி ஐயாவின் விளக்கத்தோடு ஒரு சிறு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன். நான் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கன். நீங்கள் குறிப்பிட்ட 'பேன்ஸ்' எங்களுக்கு அயலான ஒன்றன்று. அதை நாங்கள் 'ஓலை வாசிப்பது' என்போம். திருமணம் நிச்சயமானதும், மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பூசையின்போது, இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று வாசிப்பார்கள். "ஓலை வாசித்தாயிற்றா?" என்று கேட்டால் கல்யாண வேலை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்பதாகப் பொருள்.

இந்த வழக்கத்தைத் திருச்சபை முழுவதற்கும் பொதுவாக்கியது 1215 ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம். பின்னர் 1563 இல் திரிதெந்தின் சங்கம், தொடர்ந்து வரும் மூன்று கடன் திருநாட்களில், அதாவது எல்லோரும் கட்டாயம் பூசைக்கு வர வேண்டிய நாட்களில், பங்குக் குருவே அதை அறிவிக்க வேண்டும் என்று வரையறுத்தது. எங்கள் ஊர் மக்கள் அதற்கு ஒலிபெயர்ப்பைத் தேடாமல் 'ஓலை' என்று பெயர் வைத்தது எனக்கு எப்போதும் பெருமையாகவே இருந்திருக்கிறது. அரசனின் ஆணை ஓலையில்தானே வரும்? அந்த அறிவிப்புச் சடங்கில் தடை என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். அறிவிப்பும் தடையும் ஒரே சொல்லுக்குள் எப்படிக் குடியிருக்கின்றன என்பது, தேவாலயத்தில் உட்கார்ந்து ஒருமுறை ஓலை கேட்டவர்களுக்கு உடனே விளங்கிவிடும்.

மறுமொழி 3: கிள்ளான் ஆறு

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். 'பேனிஷ்' என்பது உங்களுக்கு வரலாற்றுக் கட்டுரையில் வரும் சொல்லாக இருக்கலாம். எங்களுக்கு அது அண்மைக் காலம் வரை சட்டப் புத்தகத்தில் இருந்த சொல். காலனி ஆட்சியில் நீரிணைக் குடியேற்றங்களிலும் மலாய் மாநிலங்களிலும் 'பேனிஷ்மென்ட்' என்ற பெயரிலேயே சட்டங்கள் இருந்தன. விடுதலைக்குப் பின் 1959 ஆம் ஆண்டில் அதே பெயரில் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 2011 ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது.

இதில் சொல்லின் பொருள் எப்படித் திரும்பிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். கோவென்ட்ரியில் மன்னன் அனுப்பியது தன் சொந்த நாட்டில் பிறந்த தன் உறவினனை. போகிறவனுக்கு வெளியே சொந்த ஊர் என்று ஒன்று இல்லை; அதுதான் அந்தத் தண்டனையின் கொடுமை. எங்கள் 1959 ஆம் ஆண்டுச் சட்டமோ குடியுரிமை இல்லாதவர்களுக்கானது. உன் ஊருக்குத் திரும்பிப் போ என்பதுதான் அதன் குரல். சொல் ஒன்றுதான், ஆனால் முன்னது ஒருவனை ஊரற்றவனாக்கியது, பின்னது இது உன் ஊரே அன்று என்று சொன்னது. இன்று பெரும்பாலான நாடுகளில் இந்த இரண்டாம் வகைக்கு 'டிப்போர்ட்' என்ற சொல்தான் வழங்குகிறது; சுமந்து கொண்டுபோய் அப்பால் விடுதல் என்பது அதன் லத்தீன் பொருள்.

தமிழருக்கும் இதற்கும் உள்ள தொடர்பு வலி மிகுந்தது. 1941 ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வோடு சேர்த்து, துரைமாரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற இழிவான கட்டாயத்தை ஒழிக்கவும் கோரிக்கை வைத்து வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுக்குத் தலைமை ஏற்ற ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அதற்கு நூற்றாண்டுக்கும் மேல் முன்னதாக, 1802 ஆம் ஆண்டு, சிவகங்கைச் சீமையின் வேங்கைப் பெரிய உடையணத் தேவர் உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டவர்களைத் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றி எங்கள் பினாங்குத் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு காலத்தில் இங்கே அனுப்புவது தண்டனையாக இருந்தது. இன்னொரு காலத்தில் இங்கிருந்து அனுப்புவது தண்டனையாக இருந்தது.

தென்னாப்பிரிக்க வரலாற்றை மொழிபெயர்க்கும் நாள் வந்தால் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். நிறவெறி ஆட்சியில் 'பேன்' செய்யப்படுவதும் 'பேனிஷ்' செய்யப்படுவதும் இரண்டு தனித்தனித் தண்டனைகள். முன்னதில் ஆள் தன் ஊரிலேயே இருக்கலாம்; ஆனால் கூட்டங்களில் கலந்துகொள்ளக் கூடாது, அவர் சொன்னதையும் எழுதியதையும் எவரும் எடுத்தாளக் கூடாது. பின்னதில் ஆளையே தூக்கி, முன்பின் அறியாத தொலைவான ஊரில் கொண்டுபோய் வைப்பார்கள். வின்னி மண்டேலாவை 1977 இல் பிராண்ட்ஃபோர்ட்டுக்கு அனுப்பியது அப்படித்தான். ஓர் அறிவிப்பால் இன்னொருவரின் வாயை அடைத்ததற்கு, அறிவிப்பு என்று பொருள்படும் சொல்லின் பெயரே சூட்டப்பட்டிருந்தது என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

மறுமொழி 4: மொழிபெயர்ப்பு மேசை

உங்கள் மூவருக்கும் நன்றி. அடிவேர் இப்போது விளங்கிவிட்டது. ஆனாலும் தமிழ்ச் சொல் இன்னும் கிடைக்கவில்லை. 'பறைசாற்றி வெளியேற்றினான்' என்று எழுதினால் நீளமாக இருக்கிறது. 'விரட்டினான்' என்று எழுதலாமா என்றும் யோசிக்கிறேன். ஆங்கிலத்தில் அச்சத்தையும் கவலையையும்கூட 'பேனிஷ்' செய்கிறார்களே, அதற்கும் 'விரட்டு' பொருந்துமல்லவா?

மறுமொழி 5: மகாவலி

'விரட்டினான்' என்று எழுத வேண்டாம் என்பது என் வேண்டுகோள். விரட்டுகிறவன் கோலை ஓங்கிக்கொண்டு பின்னால் ஓட வேண்டும். தோட்டத்தில் புகுந்த மாட்டைத்தான் நாம் விரட்டுவோம். மன்னன் ஒருவன் தன் பெரியப்பன் மகனையோ சிற்றப்பன் மகனையோ விரட்டினான் என்று எழுதினால், அரண்மனை முற்றத்தில் ஓட்டப்பந்தயம் நடந்தது போலக் கண்ணில் தோன்றும்.

இலங்கை வரலாற்றிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். 1815 ஆம் ஆண்டு மார்ச் 2 ஆம் நாள் ஆங்கிலேயரும் கண்டிப் பிரதானிகளும் செய்துகொண்ட உடன்படிக்கையில், பதவியிழந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க மன்னனின் உறவினர்கள் எவரும் கண்டி மாகாணங்களுக்குள் நுழையக் கூடாது என்றும், ஏற்கனவே வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்கள் அனுமதியின்றித் திரும்பி வரக் கூடாது என்றும் விதிக்கப்பட்டது. மலபார் என்று அக்கால ஆங்கிலேயர் குறித்தது தமிழரை. அங்கே வெளியேற்றியதற்கு 'எக்ஸ்பெல்' என்ற சொல்லும், திரும்பி வருவதைத் தடுத்ததற்கு வேறொரு சொல்லும் தனித்தனியே வருகின்றன. தள்ளியது ஒரு செயல். கதவைச் சாத்தியது இன்னொரு செயல். நான் புரிந்துகொண்ட வரையில், 'பேனிஷ்' என்ற சொல் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. போ என்பதைவிட, வராதே என்பதுதான் அதில் வலுவாக ஒலிக்கிறது. பத்தாண்டு என்று மன்னன் வரையறுப்பது வெளியேறும் செயலுக்கன்று. வரக் கூடாத காலத்துக்கு.

அந்த மன்னனோ 1816 இல் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு, 1832 இல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் அவன் கல்லறை இருக்கிறது. நான் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். வேலூரில் அவன் கழித்த அந்த ஆண்டுகளைச் சொல்ல ஆங்கிலத்தில் 'எக்ஸைல்' வேண்டும். 'பேனிஷ்' என்பது ஒரு நாளில், ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும் செயல். 'எக்ஸைல்' என்பது அதற்குப் பின் வாழ்ந்து தீர்க்க வேண்டிய வாழ்க்கை. நம் மொழியில் இதற்கு நெருக்கமாக 'வனவாசம்' இருக்கிறது. காட்டுக்கு அனுப்பியது ஒரு சொல். பதினான்கு ஆண்டு வாழ்ந்தது வாசம்.

மறுமொழி 6: ஏட்டுக்கட்டு

மகாவலி எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் 'நாடு கடத்து' என்ற தொடரை நாம் எளிதில் கைவிட வேண்டியதில்லை என்பதற்காக இதை எழுதுகிறேன்.

'கடத்து' என்பது 'கட' என்பதன் பிறவினை, கடக்கச் செய்வது. நாட்டின் எல்லையைக் கடக்கச் செய்தால் நாடு கடத்தல். அரசு விலக்கிய சரக்கை அதே எல்லையைக் கடந்து உள்ளே கொண்டுவந்தால் அதுவும் கடத்தல்தான். ஆங்கிலத்தில் 'பேனிஷ்' என்பதும் 'கான்ட்ராபேண்ட்' என்பதும் ஒரு குடும்பம் என்று மேலே படித்து வியந்தோமே, தமிழிலும் அந்த இரண்டும் ஒரே வினையில் பிறந்தவை. வேறுபாடு என்னவென்றால், ஆங்கிலச் சொற்களை இணைப்பது அரசனின் அறிவிப்பு. தமிழ்ச் சொற்களை இணைப்பது எல்லைக்கோடு. அவர்கள் ஆணையிட்ட வாயைப் பார்த்துப் பெயரிட்டார்கள். நாம் எல்லை தாண்டும் காலைப் பார்த்துப் பெயரிட்டோம். இரண்டு மொழிகள் தொடர்பே இல்லாமல் இப்படி ஒரே இடத்தில் வந்து நிற்பதைக் காண எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கிறது.

அறிவித்தல் என்ற பொருள் நமக்கு அயலானதும் அன்று. 'பறைதல்' என்றால் சொல்லுதல். 'பறை' என்றால் அறிவிக்கப் பயன்பட்ட கருவி. 'அறைதல்' என்றால் அடித்தல், அறிவித்தல் என்ற இரு பொருளும் உண்டு. முரசறைந்து சொன்ன சமூகம் அல்லவா? ஆனால் ஆணையை அறிவிக்கும் சொல் வெளியேற்றும் சொல்லாக மாறும் அந்தப் பயணம் தமிழில் நடக்கவில்லை. பறையறைந்தால் திருவிழாவும் அறிவிக்கப்படலாம், தண்டனையும் அறிவிக்கப்படலாம். சொல் இரண்டுக்கும் பொதுவாகவே நின்றுவிட்டது.

ஒவ்வொரு வகைக்கும் நம்மிடம் புழங்கிய சொற்களை எண்ணிப் பாருங்கள். கடல் கடந்த தீவுக்குக் கைதிகளை அனுப்பும் 'டிரான்ஸ்போர்ட்டேஷன்' தண்டனைக்கு நம் முன்னோர் 'தீவாந்தரம்' என்று எழுதினார்கள். 1908 இல் வ. உ. சிதம்பரனார்க்கு இரட்டைத் தீவாந்தரம் விதிக்கப்பட்ட செய்தியைத் தமிழுலகம் அந்தச் சொல்லால்தான் அறிந்தது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, கோவையிலும் கண்ணனூரிலும் சிறையிருந்து அவர் 1912 இல் விடுதலையானார் என்பது வேறு செய்தி. 1788 முதல் 1868 வரை ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேர் அளவில் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டதை எழுதும் பகுதியில் 'தீவாந்தரம்' என்ற சொல்லை நீங்கள் தயங்காமல் எடுத்தாளலாம். சாதியிலிருந்து தள்ளுவதைப் 'பிரஷ்டம்' என்றார்கள். அது இன்று வழக்கொழிந்து வருகிறது, அதைப் புதுப்பிக்க வேண்டிய தேவையும் இல்லை.

'ஒதுக்கி வைப்பது' மட்டும் தனியே பேச வேண்டிய ஒன்று. ஊர் கூடி ஒரு குடும்பத்தை ஒதுக்கி வைத்தால் அவர்கள் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. ஆனால் அவர்களோடு அன்னம் தண்ணீர் புழங்கக் கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது. வீடு இருக்கும், ஊர் இருக்காது. பண்டைய ரோமானியச் சட்டத்தில் ஒருவனை வெளியேற்றுவதற்குரிய முறையான தொடர் 'நீரும் நெருப்பும் மறுத்தல்' என்பதாகும். போ என்று அவர்கள் சொல்லவில்லை. இங்கே உனக்குத் தண்ணீரும் இல்லை, அடுப்பு மூட்ட நெருப்பும் இல்லை என்று அறிவித்தார்கள். அவன் தானே போனான். நம் கிராமத்து ஒதுக்கி வைப்பும் ரோமின் அந்த ஆணையும் ஒரே மன அமைப்பில் பிறந்தவை என்றே நான் கருதுகிறேன். ஏதென்ஸ் நகரத்தார் பானை ஓட்டுச் சில்லில் பெயரைக் கீறி, ஆறாயிரம் பேர் வாக்களித்தால் ஒருவனைப் பத்தாண்டு வெளியே அனுப்பிய வழக்கத்திலிருந்து வந்த 'ஆஸ்ட்ரசைஸ்' என்ற சொல்லை இன்று ஆங்கிலேயர் ஒதுக்கி வைப்பதற்குத்தான் பயன்படுத்துகிறார்கள். ஏதென்ஸில் அப்படிப் போனவனுக்குச் சொத்தும் பறிபோகவில்லை, குடியுரிமையும் பறிபோகவில்லை என்பதை அந்தச் சொல்லை ஆளும்போது நாம் மறந்துவிடுகிறோம்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அச்சத்தையும் கவலையையும் 'பேனிஷ்' செய்வது என்னும்போது, மனம் அரசனாகி அச்சத்துக்கு ஆணையிடுகிறது என்ற உருவகம் அங்கே இருக்கிறது. 'அச்சத்தை விரட்டு' என்பதில் நாமே கோலெடுத்து ஓட வேண்டியிருக்கிறது. 'அண்ட விடாதே' என்ற நம் தொடர் அதைவிட நெருக்கமானது. வராதே என்று மகாவலி சொன்ன அந்த வலுவான பகுதி அதில் இருக்கிறது. பேயைத்தான் ஓட்ட வேண்டும். அச்சத்தை அண்ட விடாமல் இருந்தால் போதும்.

மறுமொழி 7: சொல்வழி

'ஏட்டுக்கட்டு' சொன்ன வாயும் காலும் பற்றிய பகுதியை நான் என் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். கோவென்ட்ரி நிகழ்ச்சிக்கு ஒரு சிறு எச்சரிக்கை மட்டும். அங்கே 'நாடு கடத்தினான்' என்று எழுதினால், காவலர் பிடித்துக்கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றியதாக இன்றைய வாசகர் நினைத்துக்கொள்வார். இடைக்கால இங்கிலாந்தில் அடைக்கலம் தேடித் தேவாலயத்துக்குள் புகுந்த குற்றவாளிகூட, நாட்டைத் துறப்பதாகச் சத்தியம் செய்துவிட்டு, கையில் ஒரு சிலுவையைப் பிடித்தபடி, தனக்குக் குறிக்கப்பட்ட துறைமுகத்துக்குத் தானே நடந்துதான் போனான். வழியை விட்டு விலகினால் அவன் உயிருக்குக் காவல் இல்லை. அந்தக் காலத்தில் சொல்லே சங்கிலியாக இருந்தது என்பது மொழிபெயர்ப்பில் தெரிய வேண்டும்.

மறுமொழி 8: மொழிபெயர்ப்பு மேசை

எல்லோருக்கும் என் நன்றி. யூதர்கள் பற்றிய பகுதியில் 'வெளியேற்றினான்' என்றும், ஆஸ்திரேலியப் பகுதியில் 'தீவாந்தரம்' என்றும் மாற்றிவிட்டேன். பாலிங்புரோக் பிரான்ஸில் கழித்த நாட்களைக் குறிக்கும் இடங்களில் 'அயல்வாசம்' என்று எழுதியிருக்கிறேன். வனவாசத்தை ஒட்டி நானே அமைத்துக்கொண்டது, பிழையென்றால் சொல்லுங்கள். கோவென்ட்ரி வாக்கியம் இப்போது இப்படி நிற்கிறது: "பத்தாண்டுகள் இந்த மண்ணை மிதிக்கக் கூடாது என்று ஹென்றிக்கும், உயிருள்ள வரை மிதிக்கக் கூடாது என்று மௌபிரேக்கும் மன்னன் ஆணை கூறினான்; அடுத்த ஆண்டே மௌபிரே வெனிஸ் நகரில் இறந்தான், ஹென்றியோ ஆணையை மீறித் திரும்பி வந்து அரியணையில் அமர்ந்தான்."